பின்சீட்டும் முன்விளக்கும்

அக்டோபர் 14, திங்கள்

உரக்கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு நானும் சும்மா கிடந்தேன். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. எழுத்து கோணலாக இருந்தால் படிக்கிறவர்கள் தலையைச் சாய்த்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் என் மனைவி மயிலாத்தாளும் தாராபுரத்துக்கு, மகள் கலாமணி வீட்டுக்குக் காரில் போனோம். சம்பந்தி அர்த்தநாரி விருந்துக்கு அழைத்திருந்தார். வழியில் இருட்டிவிட்டது. யாரோ பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் காயப்போட்டு, பொழுது சாய்ந்ததும் குவித்து, கறுப்புப் படுதாவால் மூடியிருந்தார்கள். கறுப்பு ரோடு, கறுப்புப் படுதா. என் வண்டி லைட்டுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஏறிவிட்டேன். அடைகாக்கிற கோழி மாதிரி வண்டி குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டது.

சோளத்தைக் காயப்போட்ட காட்டுக்காரர் நாலு பேரோடு வந்தார். "கண்ணு தெரியாம எதுக்குங்க ராத்திரில வண்டி ஓட்டறீங்க?" என்றார்.

போன வருஷமே இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டது. டாக்டர் கொடுத்த சீட்டை வண்டியிலேயேதான் வைத்திருக்கிறேன். எடுத்து நீட்டினேன். அவர் டார்ச் அடித்துப் படித்தார். "அப்ப லைட்டுத்தான் கோளாறுங்க" என்றார். நல்ல மனுஷன்.

சம்பந்தி வீட்டில் இந்தக் கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள்.

மறுநாள் கிளம்பும்போது மயிலாத்தாள் பையை எடுக்கவில்லை. "நீங்க போங்க. அந்த லைட்டுல நான் வரமாட்டனுங்க. லைட்ட சரி பண்ணுங்க, பொறகு பாக்கலாம்" என்றாள். அப்போது மணி பகல் பதினொன்று. பகலில் லைட்டு எதற்கு என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

தனியாக வந்தேன். வீடு நல்ல அமைதியாக இருக்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

கடையில் இட்லி வாங்கிவந்து வீட்டில் தின்றேன். சட்னியில் தேங்காயே இல்லை என்று சொல்லத் திரும்பினேன். எருமைதான் நின்றது. அதனிடம் சொன்னேன்.

அக்டோபர் 16, புதன்

மயிலாத்தாளின் தம்பி குழந்தைவேலு எங்கள் ஊரிலேயேதான் இருக்கிறான். வாசலில் வந்து நின்றுகொண்டு, "மாமா, அக்கா எங்கீங்க?" என்றான்.

"முழங்காலுக்கு எண்ணெய் வைத்தியம். தாராபுரத்துல கைராசிக்கார வைத்தியர் ஒருத்தர் இருக்காரு மாப்ள."

"அக்காவுக்கு முழங்கால் வலியே இல்லீங்களே."

"பாத்தியா, அவ்வளவு கைராசி."

அவன் வாயை அடைத்துவிட்டு உடுமலைக்குக் கிளம்பினேன். அங்கே கார்களுக்கு லைட்டு, வயர் வேலை பார்க்கிற இதாயத் எனக்குப் பழக்கம். கை வேலை செய்கிற நேரத்தைவிட வாய் வேலை செய்கிற நேரம் அதிகம். அதனால்தான் அவனைப் பிடிக்கும்.

"நம்ம கைல லைட்டுப் போட்ட வண்டில உக்காந்தா இங்கிருந்தே பழனி மலப் படிய எண்ணலாங்கய்யா" என்றான்.

"எத்தன படின்னு சொல்லு பாப்போம்."

"அதுக்குத்தான் லைட்டுப் போடணும்."

பல்பு கிழமாகிவிட்டதாம். அதுகூடப் பரவாயில்லை, மெல்லிய வயரில் சுற்றி வளைத்து வருகிற கரன்ட் களைத்துப்போய்த்தான் பல்புக்குப் போய்ச் சேர்கிறதாம். ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி வைத்தால் பாட்டரியிலிருந்து நேராகப் போகுமாம். சரி என்றேன்.

பிறகு ஈரத்துணியை எடுத்தான். ஆயுத பூஜைக்கு மயிலாத்தாள் வைத்த சந்தனமும் குங்குமமும் இரண்டு லைட்டுக் கண்ணாடியிலும் ஊத்தப்பம் அளவுக்கு இருந்தன. அவளுக்கு எதையும் தாராளமாக வைத்துத்தான் பழக்கம். மூன்று விரல் தடமும் அப்படியே பதிந்திருந்தது.

"இதத் தொடைச்சாப் பாதி வேல முடிஞ்சுருமுங்கய்யா."

"கைய எடு. சாமி காரியம்."

"பூஜ முடிஞ்சு அஞ்சு நாளாச்சுங்களே."

"எங்கூட்டுச் சாமி கோவக்காரச் சாமி."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

அக்டோபர் 17, வியாழன்

பல்பும் ரிலேயும் போட்டாயிற்று. மயிலாத்தாளுக்குப் போன் செய்தேன்.

"லைட்டு சரியாயிருச்சு."

"நல்லதுங்க. இருட்டுல ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கூட ஆரு?"

"உன்ர தம்பிதான்."

"அப்ப அவனையே கூட்டீட்டு ஓட்டுங்க" என்று வைத்துவிட்டாள். எண்ணெய் வைத்தியம் பற்றி நான் சொன்னதைத் தம்பி சொல்லியிருப்பான் போலிருக்கிறது. உளவாளி.

லைட்டைப் பற்றியும் உண்மையை எழுதிவிடுகிறேன். முன்பு கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. இப்போது கஞ்சி மாதிரி இருக்கிறது. சந்தனத்தைத் தாண்டி வரவேண்டுமே.

அக்டோபர் 19, சனி

சம்பந்தி அர்த்தநாரி கூப்பிட்டார். நான் எடுத்ததும் அவர் பேசவே இல்லை, சிரித்தார். சிரித்து முடித்து இருமிவிட்டு, "என்னுங்க சம்பந்தி, லைட்டு இன்னும் எளனி பாத்துட்டுத்தான் இருக்குதுங்களா?" என்றார்.

ஒரு வாரமாகச் சிரிக்கிறார். சில பேருக்கு நிறுத்தவே தெரிவதில்லை.

அக்டோபர் 21, திங்கள்

காலையில் கலாமணி போன் செய்தாள். என் மகள் சின்ன வயதிலிருந்தே வாத்தியார் மாதிரிதான் பேசுவாள்.

"அப்பா, அம்மா லைட்டுக்காகவா இங்க உக்காந்திருக்கறாங்க?"

"லைட்டச் சரி பண்ணச் சொன்னது அவதான் கண்ணு. வேணும்னா கேட்டுப் பாரு."

"நீங்க அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு நெனப்பிருக்குதுங்களா? பந்தில அத்தன பேரு உக்காந்திருக்கறப்ப, 'என்ர வண்டி லைட்டு நல்ல லைட்டுத்தான், பின்சீட்டுல இவ உக்காந்தா வண்டி மூக்கத் தூக்கிக்குது, லைட்டு தென்னமரத்துல எளனி பாக்கப் போயிருது'ன்னீங்க. எங்க மாமனாரு இல விட்டு எந்திரிச்சுச் சிரிச்சாரு. அம்மா அதுக்கப்புறம் சோறே போட்டுக்கல."

அவள் சோறு போட்டுக்கொள்ளாததை நான் கவனிக்கவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் இலை தெரியாது.

ஆனால் ஒன்று. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மத்தியானம் இதாயத்துக்குப் போன் செய்து கேட்டேன். "நெசந்தானுங்கய்யா. பின்னால கனம் ஏறுனா முன்லைட்டு மேல தூக்கும். ஆளை உக்கார வெச்சுச் செவுத்துல அடிச்சுப் பாத்து மட்டத்த எறக்கி வெச்சாச் சரியாப்போகும்" என்றான்.

இவ்வளவு சுலபமான வேலைக்குப் போய் ஒரு வாரமாகக் கோபம்.

அக்டோபர் 22, செவ்வாய்

இதாயத் கடைச் சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தினோம். சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் கோடு போட்டான். பின்சீட்டில் ஆள் கனத்துக்கு மூட்டை ஏற்ற வேண்டும். "அம்மா எத்தன கிலோ இருப்பாங்கய்யா?" என்றான்.

நியாயமான கேள்வி. எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவளிடம் கேட்பதுதானே முறை. போன் செய்தேன்.

"ஏம்புள்ள, உன்ர எடை எவ்வளவு?"

கேட்கவில்லையோ என்று விளக்கமாகச் சொன்னேன்.

"வேற ஒண்ணுமில்ல, உன்ர அளவுக்கு மூட்ட ஏத்தி லைட்டு மட்டம் பாக்கறோம். அப்புறம் நீ எவ்வளவு கனம் இருந்தாலும் கவலையில்ல."

போன் கட்டாகிவிட்டது. டவர் கோளாறு என்று இதாயத்திடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சுண்ணாம்புக் கட்டியைப் பார்த்தான்.

"அய்யா, நான் வயர் வேலதான் பாக்கறவன். ஆனா நீங்க அம்மாட்ட அதக் கேட்டிருக்கப்படாது" என்றான்.

சாயங்காலம் கலாமணியிடமிருந்து செய்தி வந்தது: "அம்மா தீபாவளி இங்கேதான் என்று சொல்லிவிட்டார்கள்."

நாற்பது வருஷமாகத் தீபாவளியன்று என் தலையில் எண்ணெய் வைப்பது மயிலாத்தாள்தான். அதனாலென்ன, எனக்கும் கை இருக்கிறது.

அக்டோபர் 25, வெள்ளி

விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பால் சொசைட்டியில் செயலாளர், "தீவாளி நோம்பிக்கு வைத்தியம் முடிஞ்சுருமுங்களா?" என்றார். அவர் முகத்தில் இருந்த அக்கறையைப் பார்த்தால் பாலே திரிந்துவிடும்.

திரும்பி வரும்போது குழந்தைவேலு சொன்னான்: "மாமா, போயி ஒரு வார்த்த தப்புன்னு சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"லைட்டு நல்லா வெளிச்சமா இருந்தா வர்றேன்னு சொன்னது உங்கக்கா. சொன்ன சொல்லுக்கு மதிப்புக் குடுக்கோணும் மாப்ள."

"அப்ப சந்தனத்தத் தொடைங்க."

"அது வேற விஷயம்."

வேறு விஷயம்தான். அதனால் இதாயத்திடம் போய் பம்பருக்குக் கீழே தனியாக இரண்டு லைட்டு மாட்டிக்கொண்டேன். சின்னக் கிண்ணம் மாதிரிதான் இருக்கின்றன. ஆனால் போட்டால் பட்டப்பகல்.

பொழுது சாய்ந்ததும் வாய்க்கால் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். மரத்தில் அடைந்திருந்த மயில்கள் விடிந்துவிட்டதென்று அகவின. ஒரு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. ரோட்டோரத்தில் மூன்று பேர் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள்; மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அதில் ஒருவர் பால் சொசைட்டிச் செயலாளர். நான் வண்டிக்குள்ளிருந்தே வணக்கம் சொன்னேன். வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

இரண்டு வாரத்தில் இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். இதைச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் இன்னும் கொஞ்சம் சிரித்திருக்கலாம்.

அக்டோபர் 28, திங்கள்

பக்கத்து வீட்டில் முறுக்கு சுடுகிறார்கள். இங்கே வாசனை மட்டும் வருகிறது.

அக்டோபர் 29, செவ்வாய்

மத்தியானத்திலிருந்து வானம் மூட்டமாக இருந்தது. உரச்சாக்கு இரண்டை எடுத்து வண்டியின் முன்லைட்டு இரண்டுக்கும் கட்டினேன். குழந்தைவேலு வந்து பார்த்தான்.

"எதுக்குங்க மாமா சாக்கு?"

"மழ வந்தாத் துருப் புடிச்சுரும்."

"கண்ணாடி துருப் புடிக்குமா?"

நான் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினேன். அவன் சாக்கின் ஓரத்தைத் தூக்கிச் சந்தனத்தையும் அதிலிருந்த விரல் தடத்தையும் பார்த்தான். கேலி பண்ணுவான் என்று காத்திருந்தேன். பண்ணவில்லை. "நாளைக்கே போங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். கேலி பண்ணியிருக்கலாம்.

அக்டோபர் 30, புதன்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தாராபுரத்துக்குக் கிளம்பினேன். என்ன பேசுவதென்று யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் லைட்டைப் பற்றித்தான். சாக்கை அவிழ்த்துவிட்டுத்தானே ஓட்ட வேண்டும்? பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சந்தனம் கரைந்து பம்பரில் மஞ்சளாக ஒழுகி, அப்புறம் அதுவும் போய்விட்டது. முன்லைட்டு பளிச்சென்று ஆனது. ரோட்டின் வெள்ளைக் கோடு, ஓரத்துக் கல், புளியமரத்து நம்பர் எல்லாம் தெரிந்தன. இதாயத் அன்றைக்குச் சொன்னது சரிதான். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

எதிரே வந்த பஸ் ஒன்று, டிம் பண்ணு என்று இரண்டு மூன்று தடவை லைட்டை அடித்தது. நான் இருந்த நினைப்பில் பண்ணவில்லை.

மகள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். கலாமணி வெளியே வந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா இப்பத்தானப்பா பஸ்ஸேறிப் போனாங்க."

"எங்க?"

"நம்மூருக்குத்தான். 'தீவாளியன்னைக்கு அந்த மனுசன் தலைக்கு எண்ண வெக்க ஆருமில்ல. போயி வெச்சு வுட்டுட்டு, மறுக்கா வந்து கோவிச்சுக்கறேன்'னு சொல்லீட்டுப் போயிருக்கறாங்க."

உள்ளேயிருந்து சம்பந்தி, "எளனி பாத்துட்டே வந்தீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

மழைக்கும் தீபாவளிக் கூட்டத்துக்கும் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. பிடித்துவிட்டேன். மேலே இரண்டு, கீழே இரண்டு, நாலு லைட்டும் எரிய அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு போனேன். பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பஸ்ஸுக்குள்ளே இருந்தது எல்லாம் தெரிந்தது. கடைசி சீட்டில், மடியில் தகர டப்பாவோடு மயிலாத்தாள். பதினேழு நாளாகப் பார்க்காத முகம். கொஞ்சம் வாடியிருந்தது. அல்லது என் லைட்டு அவ்வளவு வெள்ளை.

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்கூச முந்தானையால் மறைத்துக்கொண்டு, கையை நீட்டி நீட்டி என்னவோ சொன்னாள். நல்ல வார்த்தைகள் இல்லை என்பது கையிலேயே தெரிந்தது. நான்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை ஆட்டினேன். வெளிச்சத்துக்குப் பின்னால் இருக்கிறவனை யாருக்குத் தெரியும்? லைட்டை அணைத்து அணைத்துப் போட்டேன். டிரைவர் நான் முந்தப் பார்க்கிறேன் என்று நினைத்து, கையைக் காட்டி வழி விட்டார். நான் முந்தவில்லை. மறுபடியும் அணைத்துப் போட்டேன். மறுபடியும் வழி விட்டார். மூன்றாவது தடவை பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

கண்டக்டர் இறங்கி வந்தார். "ஏனுங்க பெரியவரே, வழி வுட்டாலும் போக மாட்டீங்கறீங்க, பொறத்தால நின்னு கண்ணையும் அவிக்கறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"பஸ்ல எம்பொண்டாட்டி இருக்கறாங்க."

அவ்வளவுதான். ஜன்னல் எல்லாம் தலைகளாயின. மழை தூறிக்கொண்டிருக்க மயிலாத்தாள் டப்பாவோடு இறங்கி வந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானா? ஆரோ காலிப்பயன்னு நெனச்சு வஞ்சுட்டே வந்தேன்."

"என்னன்னு வஞ்ச?"

"இத்தன பேரு முன்னால சொல்ல முடியாது."

ஜன்னலிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, ரண்டு பேருக்கும் என்ன சண்ட?"

"அவரையே கேளுங்க" என்றாள் மயிலாத்தாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இளநீர்க் கதையைச் சொன்னால் பஸ் குலுங்கியிருக்கும். இவ்வளவு கூட்டம் எனக்கு எந்தக் கல்யாணத்திலும் கிடைத்ததில்லை. கதை நாக்கு நுனியில்தான் இருந்தது. மயிலாத்தாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவைப் பிடித்திருந்த விரல்கள் இறுகியிருந்தன.

"லைட்டுத்தானுங்க கோளாறு" என்றேன். "அவங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க. நாந்தான் தெரியாம மாத்திச் சொல்லீட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கே அது புதிதாக இருந்தது.

"சரி, மழைல நனையற. வண்டில ஏறு" என்றேன்.

அவள் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "டிக்கெட் எடுத்துட்டனுங்க. அத வீணாக்க முடியாது. நான் பஸ்ஸுலயே வர்றேன். நீங்க அந்தக் கீழ் லைட்ட அணைச்சுட்டு, மேல் லைட்டையும் டிம் பண்ணீட்டுப் பொறகாலயே வாங்க."

"எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க."

அணைத்தேன். டிம் பண்ணினேன். போனேன்.

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் நின்றது, நானும் நின்றேன். இறங்குகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரு காலேஜ் பையன் ஜன்னலருகே குனிந்து, "தாத்தா, விடாமப் பிடிங்க" என்றான். மயிலாத்தாள் மட்டும் அவ்வப்போது திரும்பி, நான் வருகிறேனா என்று பார்த்துக்கொண்டாள். இப்போது கண்ணை மறைக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பிரிவில் இறங்கினாள். பின்கதவைத் திறந்து பையையும் டப்பாவையும் பின்சீட்டில் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொறத்தால எடமில்ல" என்றாள்.

நிறைய இடம் இருந்தது. வண்டியை எடுத்தேன்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

விடியும் முன்னே எழுப்பி எண்ணெய் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அடித்தாள் என்று எழுதலாம். சீயக்காய் போகாத இடமில்லை. கண் இன்னும் எரிகிறது. டாக்டர் சீட்டில் இதற்கு ஒன்றும் எழுதவில்லை.

பத்து மணிக்குப் பலகாரம் கொடுக்கக் கிளம்பினாள். போன வீட்டிலெல்லாம் சிரிப்புச் சத்தம். என்னவென்று புரிவதற்குள் குழந்தைவேலு ஓடிவந்தான்.

"மாமா, பஸ்ஸுப் பொறத்தால போனீங்களாமா?"

"ஆரு சொன்னது?"

"அக்காதான். 'கல்யாணத்துக்கு முன்னால ஒரு நாளாவது எம்பொறத்தால வந்திருப்பாரா இந்த மனுசன்? இப்பத்தான் வயசு வந்திருக்குது. லைட்டெல்லாம் போட்டுட்டு பஸ்ஸத் தொரத்திக்கிட்டே வர்றாரு'ன்னு ஊடு ஊடாச் சொல்லீட்டு வருது."

பால் சொசைட்டிச் செயலாளர் வாசலுக்கே வந்தார். "நாளைக்கு எந்த பஸ்ஸுங்க?" என்றார். அன்றைக்கு வாய்க்கால் ரோட்டில் விட்ட வணக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் சம்பந்தி கூப்பிட்டார். போனை மயிலாத்தாளே எடுத்துக்கொண்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள். கையை ஆட்டி, டிரைவர் வழி விட்டதை நடித்துக் காட்டி, கண்டக்டர் குரலில் பேசி. அந்தப் பக்கம் சம்பந்தி இரும ஆரம்பித்துவிட்டார். அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, சிரிப்புக்கு நடுவே தன் இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.

பாதி வழியில்தான் நான் பஸ்ஸைப் பிடித்தேன். காலையில் முதல் வீட்டில் சொல்லும்போதும் பாதி வழி என்றுதான் சொல்லியிருக்கிறாள். சம்பந்தியிடம் சொல்லும்போது நான் தாராபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே பின்னால் வந்துவிட்டேன்.

நான் திருத்தவில்லை.